நாவூறுப் படையின் தளபதி

லண்டன் ஈஸ்ட் ஹாம் தமிழர்களில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டத் தெரிந்ததற்கும், மீதிப் பாதி இன்றுவரை பஸ்ஸில் போய்வருவதற்கும் காரணம் ஒரே மனிதர்தான். அவர் எல் போர்ட் அண்ணை. கார் பழக்குகிறவர், காரின் தலையில் 'எல்' பலகை இருக்கும், ஆகவே எல் போர்ட் அண்ணை. சொந்தப் பெயர் ஒன்றும் இருந்திருக்கத்தான் வேண்டும். அது அவருடைய லைசென்சுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அவர் கார் பழக்கும் முறை மிகவும் எளிமையானது. ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஏசிக்கொண்டே இருப்பார். நானும் அவரிடம்தான் பழகினேன், நாலாவது டெஸ்டில் பாஸானேன். அந்த எட்டு மாதத்தில் என் தகப்பனாரின் பெயர் அந்தக் காருக்குள் அடிபட்டதுபோல் வேறெங்கும் அடிபட்டதில்லை.

"கண்ணாடியைப் பாரடா! உன்ர மூஞ்சையைப் பாக்கச் சொல்லேல்ல, பின்னால வாற லொறியைப் பார்!"

"உந்த ரவுண்டபவுட்டை எத்தினை தரம் சுத்துவாய்? நேர்த்திக்கடனோ? வெளிய போ!"

ஒருநாள் இரண்டு கார்களுக்கு நடுவில், றிவேர்ஸில், ஒரே மூச்சில் கச்சிதமாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி நடந்ததில்லை. ஒரு நல்ல வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணை, எப்படி இருந்தது?"

"என்ர வாயைக் கிளறாதை. பேந்து டெஸ்டில மண் கவ்வுவாய்."

காரணம் நாவூறு. கண் பட்டுவிட்டது என்று மற்றவர்கள் பயப்படுவார்கள். எங்கள் ஆட்களுக்குக் கண்ணைவிட நாக்கில்தான் பயம் அதிகம். ஒருவர் வாயாரப் புகழ்ந்தால் புகழப்பட்ட பொருள் விளங்காது. செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நெருப்பில் போட்டு அதைக் கழிக்க வேண்டும். லண்டன் வீடுகளில் அப்படிக் கழிக்கும்போது புகை அலாரம் அலறி, பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணி, தீயணைப்பு வண்டி வந்து நின்ற கதைகள் தெருவுக்கு ஒன்று உண்டு.

எல் போர்ட் அண்ணையின் நாக்கு அந்த வகையில் ஊரறிந்த ஆயுதம். தன்னிடம் பழகிய ஒரு பெண்ணின் தாயிடம், "உங்கட மகளுக்கு ஸ்டியரிங் கையில ஒட்டிப் பிறந்தது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாராம். மறுநாள் அந்தப் பெண் பரீட்சை அதிகாரியையும் ஏற்றிக்கொண்டு டெஸ்ட் நிலையத்தின் பூச்செடிகளுக்குள் போய்விட்டாள். துருக்கிக்குப் போய்த் தலையில் முடி நட்டுக்கொண்டு வந்த ஒருவரைப் பார்த்து, "தம்பிக்கு நல்ல அடர்த்தி" என்றார். அந்தத் தம்பி இப்போது தொப்பியோடு திரிகிறார். ஒரு கலியாணத்தில் நாலு தட்டுக் கேக்கைப் பார்த்து, "கோபுரம் மாதிரியெல்லோ நிக்குது" என்றார். மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து வெட்டுவதற்குள் மேல்தட்டு மாப்பிள்ளையின் பெரியப்பா மடியில் இருந்தது.

இதில் கேக் விஷயம் மட்டும் நான் கண்ணால் கண்டது. அந்த மேசையின் ஒரு கால் முதலிலிருந்தே ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் மேசைக்காலைக் குற்றம் சொல்வதில் யாருக்கு என்ன ருசி இருக்கிறது?

அவரைக் கண்டால் காய்கறிக் கடையில் கத்தரிக்காயைக்கூட மூடிவைக்கிறார்கள் என்று ஒரு கதை உலவியது. அது சுத்தப் பொய். மூடியது வெண்டிக்காயை. இதையெல்லாம் அவர் பெரிதுபடுத்தியதில்லை. தானே சொல்லிச் சிரிப்பார், சபையில் கேட்டால் நடித்தும் காட்டுவார். பேத்தி பிறக்கும்வரை எல்லாம் அப்படித்தான் இருந்தது.

அண்ணையின் மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள் ஜனனி, ஃபாரஸ்ட் கேட்டில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். அந்த மாமியார், அதாவது அண்ணையின் சம்பந்தியம்மா, அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். தராசு தவறாகக் காட்டினால் தராசையே அதட்டுகிற மனுஷி. ஆனால் நாவூறு என்றால் அவருக்குக் குலை நடுக்கம்.

குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. ஆறு வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்தது. ஆஸ்பத்திரியில் தாய் தகப்பனைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. வீட்டுக்கு வந்த அன்று அண்ணை போன் பண்ணினார்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. எப்பன் எடை கூடட்டும்" என்றார் சம்பந்தியம்மா.

எடை கூடியது. "கழுத்து நிக்கட்டும்" என்றார். கழுத்து நின்றது. "பல்லு முளைக்கட்டும்." பல்லும் முளைத்தது. ஜனனி மாமியாரை எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. கண்ணாடிப் பெட்டியில் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் உள்ளுக்குள் பயம் பிடித்திருந்தது. அவள் அப்பாவுக்குப் போனில் படம் அனுப்புவாள். குழந்தையின் முகத்துக்கு மேல் மஞ்சள் சிரிப்பு உருண்டை ஒன்று ஒட்டியிருக்கும். அது மாமியாரின் சட்டம்.

அண்ணை அந்தப் படத்தை என்னிடம் காட்டுவார்.

"பார் தம்பி, என்ர பேத்தி. மஞ்சள் நிறம். உருண்டை முகம். எந்த நேரமும் ஒரே சிரிப்பு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு போனைச் சட்டையில் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, வழியில் போன யாரையோ ஏசத் தொடங்கினார். பேத்திக்கு அப்போது ஒன்பது மாதம்.

இந்த நேரத்தில்தான் கீர்த்தனா, நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று என்னிடம் வந்தாள். சம்பந்தியம்மாவின் தம்பி மகள், இங்கேயே பிறந்தவள். பகலில் பல் டாக்டரிடம் வேலை, மற்ற நேரமெல்லாம் குறும்படம் எடுக்கும் விசர்.

"அங்கிள், எனக்கு ஒரு வார் காமெடி எழுதித் தாங்கோ. சோல்ஜர்ஸ் எல்லாருக்கும் சைக்கிக் பவர். மைண்டாலயே எனிமியை அடிக்கோணும்."

மனதால் கரண்டியை வளைக்கிற வேலையெல்லாம் வெள்ளைக்காரருக்குச் சரி. எங்கள் வீடுகளில் வளைந்த கரண்டி ஏற்கெனவே நிறைய இருக்கிறது. எங்களுக்கென்று ஒரு சக்தி இருந்தால் அது நாவூறுதான் என்று எனக்குப் பட்டது. மூன்றே நாளில் எழுதிக் கொடுத்தேன்.

கதை இதுதான். எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாட்டின் ராணுவத்தில், துவக்கே இல்லாத ரகசியப் படையொன்று. எதிரியைப் புகழ்வதுதான் அதன் வேலை. ஒரு சிப்பாய் எதிரியின் சப்பாத்தை மெச்சுவான், அடிப்பாகம் கழன்றுவிடும். இன்னொருவன் எதிரிச் சமையல்காரனின் கறியை மெச்சுவான், பட்டாளம் முழுவதும் கக்கூஸ் வாசலில் வரிசையில் நிற்கும். ஒரே ஒரு சிக்கல். அந்தப் படைக்குள் யாரும் யாரையும் பாராட்டக்கூடாது. சண்டையில் வென்று வந்தால், "சீ, மூதேசிகளே" என்று சொல்லித்தான் தளபதி பதக்கம் குத்துவார். கடைசிக் காட்சியில் எதிரியின் ராட்சத டாங்கிக்கு முன்னால் தளபதி தன்னந்தனியாகப் போய் நின்று, வாயாரப் புகழ்ந்து, அதை நிறுத்துவார்.

தளபதி யார் என்று நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவே தேவைப்படவில்லை, எல் போர்ட் அண்ணைதான்.

அண்ணை கதையை முழுவதும் கேட்டார்.

"துவக்கு ஒண்டும் இல்லையோ?"

"இல்லை அண்ணை."

"சாவு?"

"ஒருத்தரும் சாகேல்ல."

"அப்ப சரி. உப்பிடி ஒரு சண்டையெண்டா நான் ஊரிலயே சேர்ந்திருப்பன்." பிறகு கேட்டார்: "டாங்கிக்கு எங்க போவியள்?"

"மாமியின்ர கடை வான் அங்கிள். புதுசு. கார்ட்போர்ட் அடிச்சு பெயிண்ட் பண்ணினா டாங்கி" என்றாள் கீர்த்தனா.

அண்ணை எழும்பி, காரை எடுத்துக்கொண்டு நேரே ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனார். நாங்களும் பின்னால் ஓடினோம். சம்பந்தியம்மா கடை வாசலில் வெங்காய மூட்டையோடு நின்றார்.

"தங்கச்சி, உங்கட புது வானை, உங்கட கண்ணுக்கு முன்னால, ஊரறிய நான் புகழப்போறன். அதுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் நான் இனி இந்தப் பக்கம் வரமாட்டன். ஒண்டும் நடக்காட்டி, பிள்ளையைக் காட்டுறியளோ?"

சம்பந்தியம்மா வெங்காய மூட்டையைக் கீழே வைத்தார். முகம் வெளிறியது.

"மாமி, நீங்கள் பயப்பிடுறியளோ?" என்று கீர்த்தனா கேட்டாள்.

"எனக்கென்ன பயம்! நான் ஆருக்கும் பயந்தனானோ?" என்றார் சம்பந்தியம்மா. அப்படித்தான் அந்தப் பந்தயம் உறுதியானது.

வான்ஸ்டெட் பக்கம் பாவனையில் இல்லாத ஒரு கார் பார்க்கில் படப்பிடிப்பு. வானைச் சுற்றி அட்டை, அட்டைக்குப் பச்சை, முன்னால் பீரங்கிக்குப் பதில் ஒரு தண்ணீர்க் குழாய். நாலு சில்லுக்கும் முன்னால் சம்பந்தியம்மா தேசிக்காய் வைத்திருந்தார், பீரங்கியிலும் ஒரு கொத்துச் செத்தல் மிளகாய் தொங்கியது. அவர் மடக்குக் கதிரை போட்டு, பிளாஸ்கில் தேத்தண்ணியோடு, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். டாங்கியை ஓட்டுகிற பொறுப்பு எனக்கு. "உங்கட முகம் ஸ்கிரீனுக்குச் சரிவராது அங்கிள், உள்ளுக்கு இருங்கோ" என்று கீர்த்தனா மரியாதையாகச் சொல்லியிருந்தாள்.

"ஆக்‌ஷன்!"

நான் தேசிக்காய்களை நசுக்கிக்கொண்டு மெதுவாக முன்னேறினேன். தளபதி உடையில் அண்ணை எதிரே வந்து நின்றார். கையை உயர்த்தினார். வாயைத் திறந்தார்.

"உதென்ன டாங்கியோ, தகரப்பேணியோ?"

"கட்! அங்கிள், புகழோணும்!"

இரண்டாவது தரம், "சில்லைப் பார், பழைய தோசைக்கல்லு" என்றார். மூன்றாவது தரம் டாங்கியை விட்டுவிட்டு, "தம்பி, ஸ்டியரிங்கை ஏன் பாம்பைப் பிடிச்ச மாதிரிப் பிடிக்கிறாய்?" என்று என்னை ஏசினார். மனுஷனுக்குப் புகழ வரவில்லை. இருபத்தைந்து வருடம் காருக்குள் ஏசியே பழகிய நாக்கு, ஏச்சைத் தவிர எல்லாவற்றையும் மறந்துபோயிருந்தது. ஒன்பதாவது தரம் கீர்த்தனா தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் குந்திவிட்டாள். சம்பந்தியம்மாவின் முகத்தில் நிம்மதி படரத் தொடங்கியது. புகழாமலே நாள் முடிந்தால் பந்தயமும் இல்லை, பிள்ளையைக் காட்டவும் தேவையில்லை.

பத்தாவது தரம் அண்ணை பையில் இருந்த போனைத் தொட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது குரல் வேறாக இருந்தது.

"ஐயோ, என்ன வடிவு! என்ர அம்மாளாச்சி, என்ன வடிவு! இந்த நிறத்தைப் பார். இந்தச் சில்லின்ர மினுக்கத்தைப் பார். ஆர் பெத்த டாங்கியடி நீ? உன்னை மாதிரி ஒண்டை நான் எங்கயும் காணேல்ல."

நான் எழுதிக் கொடுத்தது இரண்டே வரி. பிரேக்கை மிதித்தேன். டாங்கி நின்றது. "சவுண்ட் எடுக்கோணும், எஞ்சினை நிப்பாட்டுங்கோ!" என்று கீர்த்தனா கத்த, ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, எஞ்சின் திறப்பையும் திருப்பி அணைத்தேன். சிப்பாய் வேடம் போட்டவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணை நேரே சம்பந்தியம்மாவைப் பார்த்தார்.

"சரி அங்கிள், வானைப் பின்னால எடுங்கோ" என்றாள் கீர்த்தனா என்னிடம்.

திறப்பைத் திருப்பினேன். சத்தமே இல்லை. மறுபடி திருப்பினேன். ஒரு முனகல்கூட இல்லை.

கைதட்டல் நின்றது. சம்பந்தியம்மா கதிரையிலிருந்து எழும்பினார். தேத்தண்ணி மூடி உருண்டு போனது, அவர் எடுக்கவில்லை.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார். குரல் கோபமாக இல்லை, நடுங்கியது. "பாருங்கோ. ஒரு இரும்புக்கே இந்தக் கதியெண்டா, என்ர பிள்ளை தாங்குமோ?"

அண்ணை அப்படியே நின்றார். தளபதித் தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவரை நான் அவ்வளவு சின்ன ஆளாகப் பார்த்ததில்லை.

திடீரென்று பாய்ந்து வந்து வான் கதவைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். கியரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மோடா!" அது கார் பார்க்கே அதிர்ந்த மோடா. "இது ஆட்டோமேட்டிக் வானடா! கியரைப் பார்க்கிங்கில போடாமல் டி-யில விட்டுட்டுத் திறப்பைத் திருப்பினா, உன்ர கொப்பரோ வந்து ஸ்டார்ட் பண்ணுவார்?"

நான் கியரைப் பார்க்கிங்குக்குத் தள்ளித் திறப்பைத் திருப்பினேன். வான் உடனே ஸ்டார்ட் ஆனது. கீர்த்தனா துள்ளிக் குதித்தாள். ஆனால் சம்பந்தியம்மா கடைக்காரி, அவ்வளவு லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை.

"வானுக்கு ஒண்டும் இல்லை, ஓம். ஆனா இவர் புகழ்ந்தாப் பிறகுதானே உந்தத் தம்பியின்ர மூளை வேலை செய்யேல்ல? உள்ளுக்கு இருந்தவர் அவரெல்லோ? நாவூறு அவரில பட்டுட்டுது."

இனி ஒரே வழிதான் இருந்தது. என் மூளை புகழ்ச்சிக்கு முன்பிருந்தே இப்படித்தான் என்பதை நிரூபிக்க வேண்டும். அண்ணை சாட்சி சொல்லத் தொடங்கினார்.

"தங்கச்சி, இவன் முதல் டெஸ்டில இடப்பக்கம் திரும்பச் சொல்ல, கண்ணாடி துடைக்கிற வைப்பரைப் போட்டவன். இரண்டாவதில பச்சை லைட்டில கவனமா நிண்டு, சிவப்பு விழ வெளிக்கிட்டவன். கார் கழுவுற மிஷினுக்குள்ள றிவேர்ஸில போனவன். இவனுக்கு நான் ஒருநாளும் ஒரு நல்ல சொல் சொன்னதில்லை. சத்தியம். கேளுங்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாராவாரம் பத்திரிகையில் ஊருக்குப் புத்தி சொல்கிற எனக்கு ஒரு மானம் இருக்கிறது. ஆனால் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன்.

"ஓம் அக்கா. நான் பிறவியிலயே இப்படித்தான்" என்றேன்.

"உவருக்காகச் சொல்லுறியள்."

நான் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, என் மனைவியைக் கூப்பிட்டேன்.

"இஞ்சரும், ஒண்டும் விசாரிக்காமல் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். நான் மோடனோ?"

"ஏனப்பா, இப்பத்தான் தெரிஞ்சதோ?" என்றது போன். "கலியாணம் கட்டின அண்டே உங்கட அம்மா சொன்னவ. வரேக்க பால் வாங்கியாங்கோ."

சம்பந்தியம்மா சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி கதிரையில் விழுந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை வாங்கோ அண்ணை. ஆனா வாயைத் திறக்கக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை அண்ணை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஏதும் சொல்ல வாயெடுத்தால் கிள்ளுவதற்கு ஆள் வேண்டுமாம். வாய்க்குக் கொரோனாக் காலத்து மாஸ்க் வேறு, ஒன்றல்ல இரண்டு. மூன்று தரம் கை கழுவினார். ஜனனி குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அது அவருடைய மாஸ்க்கைப் பிடித்து இழுத்தது. இரண்டும் கழன்று அதன் கைக்கு வந்தன. அண்ணை உதட்டை இறுக்கிக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் ஒரு சத்தமும் இல்லை.

சம்பந்தியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன அண்ணை, ஒண்டும் சொல்லாமல் இருக்கிறியள்? பேத்தி எப்படி?"

"சுமார்."

"என்ன சுமாரோ?" அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எழும்பிவிட்டார். "ஃபாரஸ்ட் கேட்டிலயே இப்படியொரு பிள்ளை இல்லை, சுமாரோ? வடிவெண்டு சொல்லுங்கோ!"

"வேண்டாம் தங்கச்சி."

"நான்தானே சொல்லுறன். எனக்கு இப்ப பயமில்லை. சொல்லுங்கோ!"

அண்ணை குழந்தையின் உச்சியைத் தடவினார். "ஏலாது தங்கச்சி" என்றார். "உங்களுக்குப் பயமில்லை. எனக்குப் பயமாக் கிடக்கு."

ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த கதையை இந்த மனிதரும் இவ்வளவு காலம் கூடவே சிரித்துக்கொண்டு நம்பியிருக்கிறார். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜனனி வந்து அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளை நல்ல வடிவு" என்றேன். "கண் அண்ணையின்ர கண் மாதிரி."

அண்ணை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கையைப் பிடித்தார். "ஓம், அப்பிடித்தானே?" என்றார் மெல்ல. "இன்னும் சொல்லு தம்பி."

இப்போது ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போகிறோம். அவர் பார்க்கிறார், நான் சொல்கிறேன். எனக்கு வேறு வேலை இல்லாமல் இல்லை. ஆனால் அவர் வாசலில் வந்து ஹார்ன் அடித்தால், அந்த மனிதருக்காக நான் எந்த வேலையையும் போட்டுவிட்டு ஓடுவேன்.